கெல்பர்னும் பல்பு அலமாரியும்

கொடைக்கானல் மலையில், வட்டக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிற அருள் என்ற தம்பி என்னைத் தேடி நாயுடுபுரத்துக்கு வந்தார். உட்காரச் சொல்வதற்குள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு முகப்பு, நடுவில் வட்டமாக ஒரு திருகு, அதற்கு மேலே வெள்ளை எழுத்தில் அந்தப் பெயர்: கெல்பர்ன்.

இங்கிலாந்துக் கம்பெனி அது. இசைத்தட்டிலிருந்து வரும் சன்னமான ஓசையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்ப்ளிஃபயரைச் செய்தவர்கள். எங்கள் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் என்றால் கெல்பர்னுக்கு மேல் ஒன்று கிடையாது என்பார்கள். இடையில் கம்பெனி மூடிவிட்டது. இப்போது யாரோ பெயரை மட்டும் வாங்கி மறுபடி செய்கிறார்களாம்.

"அம்மா, ஆசைப்பட்டு வாங்கிட்டேன். கொஞ்ச நேரம் நல்லாப் பாடுது, அப்புறம் ஒரு மாதிரி எரைச்சல் வருது. நெட்ல பாதிப் பேரு இது பழைய கெல்பர்ன் இல்லேன்னு எழுதுறான். நீங்க அந்தக் காலத்துல இதையெல்லாம் கழட்டி மாட்டுனவங்களாமே. பேருக்கு ஏத்த சரக்குதானா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மலையே கேட்டது. அன்று அதற்குப் பதில் சொன்னவர் என் முதலாளி சவரி அண்ணன். "நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று அருளை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு அண்ணன் நினைப்பாகவே இருந்தது. எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், அதாவது லயத்துக் காம்பராவில். எழுபதுகளில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் எங்கள் குடும்பம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் கேரட் தோட்டத்தில் கூலி. எங்களைப் போல வந்த பெண்களுக்குக் கன்னியாஸ்திரிகள் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் தையலுக்குப் போனார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. ரேடியோ பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற வகுப்பில் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். ஈயம் பற்ற வைக்கும் கோலில் கையைச் சுட்டுக்கொள்ளாத நாளில்லை. ஆனாலும் பிடித்துப்போயிற்று. அங்கே படித்து முடித்ததும் நாயுடுபுரத்தில் சவரி அண்ணனின் ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையில் ஒரு பொம்பளை ரேடியோ ரிப்பேர் பார்க்கிறாள் என்று கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவர் ரேடியோவோடு வந்தார்கள்.

சவரி அண்ணனுக்குச் சொந்த ஊர் இந்த மலைதான். ஒல்லியான ஆள். வெயில் அடித்தாலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், விசில் அடிப்பார். அவர் விசிலடித்தால் அன்றைக்கு நான் வாயே திறக்கமாட்டேன்.

ரிப்பேருக்கு வந்த பெட்டியை அவர் உடனே திறக்கவிடமாட்டார். கொண்டுவந்தவரைக் கடையில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார வைப்பார். "ரிப்பேர்னு சொல்லாதீங்க, என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்பார். அவர்கள் கரகர என்றோ கொர்ர் என்றோ வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அது எங்க குடியிருக்கு?"

எந்த அறை, எந்தச் சுவர் ஓரம், சன்னல் எந்தப் பக்கம், பக்கத்தில் யார் யார் என்று கேட்டுக்கொண்டே போவார். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போன பெண்ணின் மாமா தோற்றுப்போவார். கேள்வி கேட்பது அவர் வேலை, அது முடிந்த பிறகு பெட்டியைத் திறப்பது என் வேலை. இதுதான் கடையின் முறை.

தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பழைய கெல்பர்ன் ஒன்றை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி வால்வுகள் வைத்த மாடல். காலையில் மட்டும் படபடவென்று பொரிகிறது, மத்தியானம் சரியாகிவிடுகிறது என்றார். அண்ணன் நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தார். பெட்டி குடியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. காலையில் வெந்நீர் அண்டா கொதிக்கும்போது சுவர் வியர்க்கிறது.

"ஐயா, செட்டுல ஒரு கொறையும் இல்லைங்க. எதுத்த செவத்துக்குக் குடி மாத்திருங்க. அம்புட்டுத்தான் சோலி."

நான் ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடவில்லை. அவர் சொன்னபடி செய்தார், பொரிவது நின்றது. அதன் பிறகு வருஷா வருஷம் அந்தத் தோட்டத்துக் காப்பிக்கொட்டை எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்தது.

கொடைக்கானலில் ஈரம்தான் எல்லாவற்றுக்கும் எமன். மழைக்காலத்தில் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு தண்ணீராகும், தீக்குச்சி நமத்துப்போகும். ரேடியோவுக்குள் பச்சைக் களிம்பு பூக்கும். அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தச்சரை வைத்துக் கதவு போட்ட சிறிய அலமாரி செய்வார். அதன் பின்பக்கத்தில் ஒரு பல்பைப் பொருத்துவார். பல்பு இரவும் பகலும் எரியும். அந்தக் கதகதப்பில் உள்ளே ஈரம் அண்டாது. 'சவரி அலமாரி' என்றே அதற்குப் பெயர். பங்களாக்களில், மடங்களில், எஸ்டேட்டுகளில் என்று அது இல்லாத இடம் கிடையாது. தெருவில் போகும்போது ஏதாவது வீட்டுச் சன்னல் வழியே அந்த அலமாரி தெரிந்தால், அண்ணன் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு நடப்பார். அவ்வளவு பெருமை.

மலை மேலிருந்த ஒரு விடுதிப் பள்ளியின் மண்டபத்திலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது. அதற்குள் பழைய கெல்பர்ன். பாட்டு டீச்சர் ரோஸலின் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். அந்தப் பள்ளியின் ரேடியோ, மைக், மணியடிக்கும் ஒலிபெருக்கி எல்லாம் எங்கள் கடைப் பொறுப்பில் இருந்தன. அந்த வேலையில்தான் அண்ணன் வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

பழையது வயதாகி ஓய்ந்ததும் புதிது வாங்கக் கமிட்டி கூடியது. மதுரையில் ஒரு கம்பெனி செய்த ஆம்ப்ளிஃபயர் போதும் என்றார் பள்ளிச் செயலாளர். ரோஸலின் டீச்சர் கெல்பர்ன்தான் வேண்டும் என்று நின்றார். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கெல்பர்ன வாங்குங்க. அதுக்கு நான் ஜவாப்தாரி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வந்தது புது மாடல். வால்வுகள் இல்லை, எல்லாம் டிரான்சிஸ்டர். பழையதில் பாதி எடைகூட இல்லை. பழையதை எடுத்த அதே அலமாரியில் அண்ணன் தன் கையாலேயே வைத்துக் கதவைச் சாத்தினார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பள்ளி ஜீப் டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டு வகுப்பு பாதி நடக்கையில் ஒரு பக்கம் கரகரத்து ஃப்யூஸ் போய்விட்டதாம்.

எங்கள் மேசையில் வைத்து ஃப்யூஸ் மாற்றினோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாடியது, தும்மல்கூட இல்லை. திருப்பி அனுப்பினோம், மறுபடி வந்தது. இந்த முறை சந்தேகப்பட்ட டிரான்சிஸ்டர்களையெல்லாம் மதராஸிலிருந்து வரவழைத்து மாற்றினோம். மேசையில் தங்கம்போல் பாடியது. பள்ளிக்குப் போனதும், கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியின் ஒத்திகையில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டது.

பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால் அதே பேச்சு. "கெல்பர்ன் எல்லாம் அப்பங்க. இப்ப வெறும் டப்பா. பேர வெச்சு ஓட்டுறான்." செயலாளர் எங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். நிகழ்ச்சிக்கு மதுரைக் கம்பெனியின் வேனே வந்து நிற்கும். கெல்பர்ன் நடுவில் மக்கர் பண்ணினால் அந்த நிமிஷமே அவர்கள் செட்டை மாட்டுவார்கள். அதற்கப்புறம் பள்ளியின் மொத்த வேலையும் அவர்களுக்குத்தான்.

அண்ணன் விசிலடிக்க ஆரம்பித்தார்.

புதியதையும், ஓய்ந்துபோன பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். பழையதன் உள்ளே பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு ஒயரும் மெழுகு நூலால் கட்டி, பின்னல் போட்ட தலைபோல் அவ்வளவு ஒழுங்கு. புதியதில் தகடு மெலிசு. இரண்டு ஸ்க்ரூ சரியாக முடுக்காமல் ஆடியது. ஒலியைக் கூட்டும் திருகைத் தொட்டால் மணல் அரைபடுவதுபோல் இருந்தது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திப்புட்டான்மா புஷ்பம்" என்றார் அண்ணன். அவர் அப்படி ஒரு செட்டைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஜவாப்தாரி என்று சொல்லிவிட்டு வந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குப் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. கரண்டும் போயிற்று. செய்ய ஒன்றுமில்லை. அண்ணன் தொப்பென்று வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைச் சிரிக்க வைத்தால் போதும் என்று, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன்.

"வாங்கய்யா. ரிப்பேர்னு சொல்லாதீங்க. என்ன கேட்டுச்சு?"

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கரகரன்னுச்சுங்க" என்றார் பவ்யமாக.

"எப்ப?"

"கொஞ்ச நேரம் நல்லாப் பாடிட்டு, அப்புறமாங்க."

"எங்க குடியிருக்கு?"

"எங்க குடியிருக்கும்? நம்ம அலமாரியிலதான்."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. அது ஒண்டியாத்தான் கெடக்கு. பின்னால பல்பு மட்டும்…"

அண்ணன் மெதுவாக எழுந்து புது கெல்பர்னைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். முதுகில் வரிசையாக விலா எலும்புகள் போன்ற அலுமினியப் பட்டைகள். உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியே தள்ளுவதற்காக வைத்தவை. அலமாரியில் அந்த முதுகுக்கு நேர் பின்னால், ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல், பல்பு எரிகிறது. கதவும் சாத்தியிருக்கிறது.

வால்வு செட்டுக்குச் சூடு பழக்கம், அது பிறந்ததே சூட்டில்தான். டிரான்சிஸ்டர் அப்படியில்லை. சூடு ஏறினால் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சூடாகும், கடைசியில் ஃப்யூஸ் போகும். எங்கள் மேசையில் மலைக் குளிர் அதற்கு விசிறிவிட்டது. பள்ளியில் நாங்களே அதை அடுப்பங்கரையில் குடிவைத்துவிட்டோம். ஊரில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை இந்தச் செட்டுக்கு மட்டும் நாங்கள் கேட்கவில்லை. வீடு கட்டிக்கொடுத்ததே நாங்கள்தானே!

கரண்ட் வந்ததும் ஒரு மரப்பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, அதற்குள் கெல்பர்னை வைத்துப் பாடவிட்டோம். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கரகர என்றது. ஒரு கெட்ட சத்தத்தைக் கேட்டு நாங்கள் அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப சரி அண்ணே. பல்பக் கழட்டிட்டு, செட்டைச் சரி பண்ணியாச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

அண்ணன் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அப்படிச் சொன்னா, ரெண்டு தரம் கெட்டுப்போனது கெல்பர்ன்னுதானம்மா ஊரு பேசும்? அவன் பேரக் கெடுத்தது நம்ம பல்பு. பொறவு, மலை பூராவும் நம்ம அலமாரி கெடக்கு. இனிமே எல்லாவனும் டிரான்சிஸ்டர்தான் வாங்குவான். எத்தனை செட்டு வேகணும்?"

"அலமாரியில தப்புன்னு நீங்களே சொன்னா உங்க பேரு போயிருமேண்ணே."

"போனாப் போகுது. சம்பாதிச்சுக்கலாம்" என்றார். விசில் நின்றுவிட்டது.

மறுநாள் வெள்ளனே பள்ளிக்குப் போனோம். செயலாளர், ரோஸலின் டீச்சர், கமிட்டிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"செட்டு மேல தப்பில்லைங்க. நான் செஞ்ச அலமாரி மேல தப்பு. வால்வு செட்டுக்குச் செஞ்சத இதுக்கும் மாட்டுனேன். என் தப்புத்தான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டு தடவை எதைய்யா ரிப்பேர் பார்த்தீங்க?"

"கெடாததத்தான் ரிப்பேர் பார்த்தேங்க."

யாரோ சிரித்தார்கள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது. மதுரை வேனை வரச் சொன்னதில் மாற்றமில்லை என்று செயலாளர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ரோஸலின் டீச்சர் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, எல்லார் முன்னாலும் அலமாரிக் கதவைக் கீலோடு கழற்றினார். பல்பையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிகழ்ச்சி ஒரு பிற்பகலில் நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். பிள்ளைகளின் பாட்டுக்குப் பின்னணி இசை தட்டிலிருந்து கெல்பர்ன் வழியாக வரவேண்டும். அது நின்றால் பாட்டும் நிற்கும். அலமாரி ஓரத்துச் சன்னல்கள் இரண்டையும் அண்ணன் திறந்து வைத்தார். டிசம்பர் மாதத்து மலைக் காற்று! முன்வரிசையில் விருந்தாளிகள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு எங்களை முறைத்தார்கள். செயலாளர் இருமினார். சன்னலைச் சாத்த எழுந்த ஒருவரை, மேடையிலிருந்தபடியே ரோஸலின் டீச்சர் கண்ணால் உட்கார வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மதுரை வேன்காரர் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றவர், பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் போட்டிருந்தார். கொஞ்ச நேரம் ஏளனமாகப் பார்த்தார். பிறகு காதின் மேலிருந்த குல்லாவைத் தூக்கிவிட்டுக் கேட்டார். அதற்கப்புறம் அவர் செட்டைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளைகளின் குரலும் தட்டின் வயலின்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக வந்து சேர்ந்தன. அந்தக் கம்பெனி எதில் கை வைத்திருந்தாலும் ஓசையில் கை வைக்கவில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒத்திகையில் கரகரத்த கட்டத்தைப் பாட்டு தாண்டியது. அடுத்த பாட்டும் போயிற்று. கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது வேன்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கெல்பர்னின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு கெடக்கேண்ணே!"

"ஆமா தம்பி. நாமதான் விறைச்சுப் போனோம்" என்றார் அண்ணன்.

ரோஸலின் டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேராகச் செயலாளரிடம் போனார். எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "சார், 'என் தப்பு'ன்னு தானா வந்து சொன்ன மெக்கானிக்கை நான் இன்னைக்கு வரைக்கும் பார்த்ததில்ல. இவங்களை விட்டுட்டு வேற ஆளை எங்கே போய்த் தேடுவீங்க?" செயலாளர் இருமிக்கொண்டே தலையாட்டினார். பள்ளி வேலை எங்களிடமே இருந்தது, நான் ஓய்வு பெறும் வரைக்கும்.

அதன் பிறகு அண்ணன் வீடு வீடாகப் போனார். "டிரான்சிஸ்டர் செட்டு வாங்குனா பல்பை அணைச்சுருங்க, கதவக் கழட்டிருங்க" என்று தன் அலமாரியைத் தானே குறை சொல்லிக்கொண்டு திரிந்தார். சிலர் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வால்யூம் திருகு மோசம் என்பதையும் யாரிடமும் மறைக்கவில்லை. "சத்தம் அதே வீட்டுச் சத்தம்ங்க. திருகு மட்டும் பக்கத்து வீட்டுது" என்பார். ஆனால் கெல்பர்ன் வெறும் டப்பா என்ற பேச்சு அந்தக் குளிர்காலத்தோடு நின்றுபோனது. பள்ளியிலிருந்து கழற்றிய கதவைக் கடையில் பலகையாகப் போட்டு, என் வேலைமேசையாக்கிக் கொடுத்தார். கடைசி வரை அதன்மேல்தான் வேலை பார்த்தேன். கூலிக்காரர் மகளாக வந்த என்னை ஒருநாளும் எடுபிடியாக நடத்தாமல், தன் நாற்காலிக்கு எதிரே நிற்கவிட்டுக் கேள்வி கேட்கவும் விட்டாரே, அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு அளவில்லை. அண்ணன் இப்போது இல்லை.

அருள் தம்பியின் விடுதிக்குப் போனேன். வரவேற்பறையில் கெல்பர்ன் அழகாக இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டிக்குள், மேலேயும் பின்னாலேயும் பழைய பாணி மஞ்சள் அலங்கார பல்புகள் சூடாக எரிய, நகைக்கடையில் இருப்பதுபோல.

"நான் வீட்டுலயே கேட்டிருக்கணும் தம்பி, இது எங்க குடியிருக்குன்னு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, காப்பி குடித்தபடி சாயங்காலம் வரை பாடவிட்டோம். இரைச்சல் வரவில்லை. நன்றாகத்தான் பாடியது. பழையதன் அளவுக்கு என்று சொல்லமாட்டேன், ஆனால் வெட்கப்பட வேண்டியதில்லை. திருகைத் தொட்டுப் பார்த்தேன், மணல் இல்லை. அதை மட்டும் திருத்திவிட்டார்கள்.

"அப்ப பேருக்கு ஏத்த சரக்குதான், இல்லையாம்மா?" என்றார் அருள்.

ஆமாம் என்றேன். இந்த மலையில் அந்தப் பெயரில் பாதிதான் கம்பெனி சம்பாதித்தது. மீதிப் பாதியை, கழுத்தில் மஃப்ளர் கட்டிய ஒருவர் நாலு பேர் முன்னால் "என் தப்பு" என்று சொல்லிச் சம்பாதித்துக் கொடுத்தார். அது கம்பெனிக்குக் கடைசி வரை தெரியாது. எனக்குத் தெரியும். கிளம்பும் முன் அருளிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, அந்தக் கண்ணாடிக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.